மூன்றாம் மாடிப் பின்கதவு

மயில்கழுத்து நிறம் வேண்டாம் என்று என் மனைவி பத்மா ஒதுக்கிவிட்டாள். மாம்பழ நிறமா அரக்கா என்பதில்தான் இழுபறி. பேத்திக்கு நிச்சயதார்த்தம். புடவை எடுக்க தி.நகருக்கு வந்தே ஆக வேண்டும் என்பது அவள் கட்சி. மந்தைவெளியில் இல்லாத கடையா என்பது என் கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் செல்வி என்ற பெண் சளைக்காமல் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராயப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, கல்யாணப் பெண்ணான மகளின் தோளில் ஒரு ரோஜா நிறப் பட்டுப் புடவையை வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்களுக்கென்று போட்டிருந்த ஸ்டூலில் நான்.

அப்போது ஒரு வாடை வந்தது. சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டால் வருமே, அந்த வாடை.

செல்வியும் மூக்கைச் சுளித்தாள். "கீழ பிளவுஸ் தைக்கிற இடத்துல அயர்ன் பண்ணுவாங்க சார்" என்றாள்.

ஏசி நின்றது. விளக்குகள் ஒருமுறை மங்கி, எரிந்து, பிறகு மொத்தமாக அணைந்தன. முகப்பு முழுக்கக் கண்ணாடி என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தில், படிக்கட்டு வாயிலில் சாம்பல் நிறத்தில் ஏதோ மெதுவாக ஏறி வருவதைப் பார்த்தேன்.

வரிசை மாறிய வாரம்

இந்தத் தொடரில் போன வாரம், ராணுவத்தை விட்டு வந்து வங்கி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனதோடு நிறுத்தியிருந்தேன். ஒழுங்காகப் பார்த்தால் இந்த வாரம் என் முதல் கிளை, முதல் மேலாளர் என்று போக வேண்டும். ஆனால் சென்ற மாதம் தொலைபேசியில் பேசிய வாசகர்கள் சிலர், "குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு?" என்று கேட்டார்கள். சளி என்று சொல்லிவைத்தேன். சளி இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் பழைய கதைக்குப் போகிறேன்.

எங்கள் தெருவில் என்னை மேஜர் என்பார்கள். நான் கேப்டனாகத்தான் வெளியே வந்தேன். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கடையில் மேஜரும் இல்லை, கேப்டனும் இல்லை. மாற்று மூட்டு வைத்த மனைவியோடு மூன்றாம் மாடியில் மாட்டிக்கொண்ட, எண்பதை நெருங்கும் ஒரு கிழவன்.

முன்படி

யாரோ "நெருப்பு" என்றார்கள். அவ்வளவுதான். பளிங்குப் படிக்கட்டை நோக்கி எல்லாரும் ஓடினார்கள். லிஃப்டைச் சுற்றிச் சுற்றி இறங்கும் அகலமான படி அது. முதலில் ஓடிய இளவட்டங்கள் வெளியே போய்விட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அடுத்து ஓடியவர்களில் ஒருவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். மூக்கைச் சுற்றிக் கறுப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். "ரெண்டாவது மாடி தாண்ட முடியல. கண்ணு தெரியல" என்றார்.

பத்மா கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படி இறங்க ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலும் வைக்க வேண்டும். கைப்பிடி வேண்டும். வெளிச்சம் வேண்டும்.

"நீங்க போங்க. எனக்காக நிக்காதீங்க" என்றாள். கோயிலில் வரிசை நீளமாக இருந்தால் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

"உனக்காக நிக்கல. வழி அந்தப் பக்கம்" என்று கடையின் பின்சுவரைக் காட்டினேன்.

வழி அந்தப் பக்கம் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

அந்தக் கட்டடம்

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இப்போது கண்ணாடி மாளிகையாக நிற்கும் அந்த ஜவுளிக்கடை, ஒரு காலத்தில் மூன்று மாடிகள் கொண்ட சாதாரணச் சுண்ணாம்புக் கட்டடம். முதல் மாடியில் எங்கள் வங்கிக் கிளை. சில வருஷங்கள் அங்கே அதிகாரியாக இருந்தேன். வாடிக்கையாளர்களுக்கு முன்பக்கப் படி. ஊழியர்களுக்கும், பணப்பெட்டி வந்து போவதற்கும் கட்டடத்தின் முதுகில் ஒரு குறுகலான படிக்கட்டு. கீழே சந்தில் ஆரம்பித்து மொட்டை மாடிவரை போகும். முதல் மாடி திரும்பும் இடத்தில், பாதுகாப்புக்காக வங்கி ஓர் இரும்பு கிரில் கதவு போட்டிருந்தது.

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் அந்தப் படியேறி மொட்டை மாடிக்குப் போவோம். பூப்பந்து. இன்றைக்குப் பிள்ளைகளிடம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்த மைதானம். இறகுப்பந்து வேறு, இது வேறு. எங்கள் வங்கி அணிக்கு நான் பின்வரிசை ஆட்டக்காரன். மொட்டை மாடிச் சுவரில் அடித்து அடித்துப் பழகியதில் சுவரில் வட்ட வட்டமாக மஞ்சள் கறை. கட்டடச் சொந்தக்காரர் ஒருநாள் மேலே வந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

பின்வரிசையில் நிற்பவனுக்கு முன்னால் இருக்கும் நான்கு பேரின் முதுகு மட்டும்தான் தெரியும். பந்து யாருடையது என்று அவன்தான் சொல்ல வேண்டும். 'ஏய்', 'அடி' என்று கத்தினால் நான்கு பேரும் ஓடுவார்கள், அல்லது நான்கு பேரும் நிற்பார்கள். பெயர் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டால் யோசிப்பதற்கு முன்பே உடம்பு திரும்பிவிடும். இன்றைக்கும் காலை நேரத்தில் மயிலாப்பூரில் எங்கள் வயசாளிக் கோஷ்டி விளையாடும்போது என் வேலை பாதி பந்து, பாதி குரல்.

அதெல்லாம் சரி. ஆனால் அது அந்தக் காலத்துப் படிக்கட்டு. கட்டடம் கைமாறி, மேலே மாடிகள் எழும்பி, முகம் மாறிவிட்டது. முதுகு மாறாமல் இருக்குமா?

சணல் புகை

புகையும் எனக்குப் புதிது கிடையாது.

எழுபத்தொன்றாம் வருஷப் போரில் கிழக்கு முனையில் இருந்தேன். வயது இருபத்து மூன்றோ என்னவோ. ஆற்றங்கரையில் ஒரு சணல் கிடங்கில் எங்கள் ஆட்கள் சிலரோடு பதுங்கியிருந்தபோது கூரையில் குண்டு விழுந்தது. சணல் கொழுந்துவிட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்று புகையும். நான் எழுந்து, கதவு இருந்த திசையில் ஓடப் போனேன். குஞ்ஞுமோன் என்று ஒரு ஹவில்தார், கோட்டயத்துக்காரர். என் கழுத்தில் கை வைத்துத் தரையோடு அழுத்தினார். அதிகாரியின் கழுத்தில் கை வைப்பது சாதாரணக் குற்றமில்லை. "தாழெ, சார்" என்று மட்டும் சொன்னார். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் காற்று இருந்தது. கன்னத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே சுவரோரமாக ஊர்ந்து வெளியே வந்தோம். இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் எழுந்து ஓடியவர்கள்.

ஓடியவர்களில் ஒருவன் கதவுக்கு மிக அருகில் கிடந்தான். அதை இதுவரை எழுதியதில்லை. இனியும் விரிவாக எழுதப்போவதில்லை.

பெட்டிகள்

பட்டுப் பிரிவின் பின்சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள், தரையிலிருந்து கூரைவரை. அதன் முன்னால் கடையின் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கழுத்தில் டை, சட்டையில் பெயர்: சுடலைமுத்து.

"இதுக்குப் பின்னால என்ன?" என்று கேட்டேன்.

"ஸ்டாக் சார். தீபாவளிச் சரக்கு."

"சரக்குக்குப் பின்னால?"

"ஒரு கதவு உண்டு சார். நான் சேந்ததுல இருந்து திறந்து பாத்ததில்ல. எல்லாரும் முன்படிலதான் போணும்னு சொல்லிருக்காவ சார்."

"முன்படி போயிடுச்சு. இதை இறக்கணும்."

"பின்னால ஒண்ணும் இல்லன்னா?"

நியாயமான கேள்வி. பெட்டிகளை இறக்கும் நேரத்தில் முன்படியில் இருக்கும் கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போய்விடும். அந்தத் தளத்தில் மிஞ்சியிருந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பெரும்பாலும் பெண்கள். என் மனைவி கவுன்ட்டரைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

குரலைத் தாழ்த்தினேன். பயந்த கூட்டத்தின் முன்னால் குரல் உயர்ந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

"படி இருக்கு. நான் இந்தக் கட்டடத்துல வேலை பார்த்தவன்" என்றேன்.

சுடலை டையைக் கழற்றி எறிந்தார். மேல் பெட்டியை இழுத்தார். அது சரிந்து விழுந்து, புடவைகள் தரையெங்கும் சிதறின. அடுத்தது. அடுத்தது. முன்படியில் போய்த் திரும்பி வந்தவர் இருமிக்கொண்டே வந்து சேர்ந்துகொண்டார். ராயப்பேட்டை அம்மா புர்காவின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டு, "பேட்டி, இதர் ஆ" என்று மகளையும் இழுத்துக்கொண்டு வந்தார். கை மாற்றிக் கை மாற்றிப் பெட்டிகள் போயின. புகை கூரையை நிரப்பி, கீழே இறங்க ஆரம்பித்துவிட்டது.

"எல்லாரும் உட்காருங்க. முந்தானையை மூக்குல கட்டிக்குங்க. ஒவ்வொருத்தரா பேர் சொல்லுங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு சார் பேரு?" என்றாள் செல்வி. அழுதுகொண்டிருந்தாள்.

"சொல்லும்மா."

"செல்வி."

"ஜமீலா" என்றார் ராயப்பேட்டை அம்மா. "இவ நஸ்ரீன்."

ஒவ்வொரு பெயராக வந்தது. கடைசியில் பத்மாவும் தன் பெயரைச் சொன்னாள். என்னிடம் அவள் தன் பெயரைச் சொல்லிக்கொண்டது பெண் பார்க்கப் போன அன்றைக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

கதவு தெரிந்தது. பழைய மரக்கதவு. நாதாங்கியில் பூட்டு. சுடலை சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கிவந்து அதன் அடிப்பாகத்தால் பூட்டை இடித்தார். பூட்டு அசையவில்லை. நாதாங்கி மரத்தோடு பெயர்ந்து வந்தது.

கதவைத் திறந்ததும் என் முகத்தில் ஈரக் காற்று அடித்தது. புறா எச்சத்தின் நாற்றம். இருட்டு. காலை நீட்டித் துழாவினேன். படி இருந்தது.

உட்கார்ந்தே இறங்கியது

படியெல்லாம் உடைந்த பொம்மைகள், அலமாரிப் பலகைகள். பொம்மை என்றால் புடவை கட்டி நிறுத்துவார்களே, அது. கையில்லாத, தலையில்லாத உருவங்களைத் தள்ளிக்கொண்டு முதலில் நான் இறங்கினேன். செல்போன் வெளிச்சத்தில் பின்னால் வருகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"பத்மா, உட்காரு. உட்கார்ந்தே இறங்கு."

அவள் புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கையை ஊன்றி ஒரு படி நகர்ந்தாள். பிறகு அடுத்தது. அவளுக்குப் பின்னால் நஸ்ரீன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். "ஜமீலா." "வரேன்." "செல்வி." "வரேன் சார்." இரண்டாம் மாடியைத் தாண்டும்போது உள்சுவர் சுட்டது. அதில் யாரும் கை வைக்க வேண்டாம் என்றேன். மேலே கதவை இழுத்து மூடச் சொல்லிச் சுடலைக்குக் குரல் கொடுத்தேன். மூடினார். கொஞ்சம் மூச்சு வந்தது.

முதல் மாடி திருப்பத்தில் என் கை இரும்பில் மோதியது. கிரில் கதவு. எங்கள் வங்கி போட்டது. நாங்கள் போன பிறகும் யாரோ அதைப் பத்திரமாகச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கம்பிகளுக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு படிகள். அதற்குக் கீழே சந்து. பகல் வெளிச்சம். ஒரு தேநீர்க் கடையின் அடுப்பு எரிவதுகூடத் தெரிந்தது. எல்லாரும் கடையின் முன்பக்கம் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள் போல. சந்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

சேர்ந்து கத்தினோம். பத்மா கைப்பையில் இருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் கம்பியில் தட்டினாள். விடாமல் தட்டினாள். பிற்பாடு பார்த்தபோது பாட்டில் நசுங்கிப்போயிருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் ஏழுமலை என்பவர் சந்து முனையில் தலையை நீட்டினார். அவர் பெயரும் எனக்குப் பிறகுதான் தெரியும். ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா பெர்சு, எத்தினி பேரு கீறீங்க உள்ள?"

"பதினஞ்சு பேர். பூட்டியிருக்கு. உடைக்க ஏதாவது கொண்டா."

"நில்லு நைனா, பதறாத. தோ, ரோட்டுல பள்ளம் நோண்டிக்கினு கீறானுங்க, கடப்பார எட்தாறேன்."

அவர் போனார். அப்போதுதான் பின்னாலிருந்து செல்வி சொன்னாள். "சார், வள்ளியக்கா வரல."

"யாரு?"

"ஸ்டாக் ரூம்ல இருந்தாங்க சார். புடவைக்குத் தைக்கிற ஃபால்ஸ் எடுக்கப் போனாங்க. நீங்க பேர் கேட்டப்ப அவங்க அங்க இல்ல."

மேலே, கடைசிப் படியில் நின்ற சுடலை திரும்பினார்.

"சுடலை, போகாதே. கதவைத் திறக்காதே" என்றேன். உத்தரவாகவே சொன்னேன். அந்தக் கதவு திறந்தால் புகை இந்தப் படிக்கட்டுக்குள் இறங்கும். கிரில்லுக்கு இந்தப் பக்கம் பதினைந்து பேர். கணக்குப் போட்டால் நான் சொன்னது சரி.

"வந்துருதேன் சார்" என்றார். செருப்புச் சத்தம் மேலே ஏறியது. கதவு திறந்து மூடியது. அவ்வளவு வேகமாக அவர் அதை மூடியதால் எங்களுக்கு வந்த புகை கொஞ்சம்தான்.

ஏழுமலை கடப்பாரையோடும் இரண்டு பேரோடும் வந்தார். "தள்ளு பெர்சு, கண்ணுல தெறிச்சிறப் போவுது." சங்கிலி அறுபடவில்லை. சுவரில் கிரில் பதித்திருந்த இடத்தை நெம்பினார்கள். என் காலத்துச் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒருவர் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்ததும் ஒவ்வொருவராக வெளியே தள்ளினேன். பத்மாவை ஏழுமலை குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

நான் இறங்கவில்லை. கிரில்லைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி கூப்பிட்டேன். சுடலை. சுடலை. தொண்டை எரிந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். என் குரல் அன்றைக்குத்தான் போனது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழேயிருந்து பத்மா என் பெயரைச் சொல்லி அழைத்தாள். கணவன் பெயரைச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் கிரில்லை விடவில்லை.

மேலே கதவு திறந்த சத்தம் கேட்டது. புகை முதலில் வந்தது. அதற்குள்ளிருந்து சுடலை. ஒரு பெண்ணை முதுகில் போட்டு, அவள் இரண்டு கைகளையும் தன் கழுத்தைச் சுற்றி ஒரு புடவையால் கட்டியிருந்தார். தன் கைகளை உடம்பில் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். ஸ்டாக் ரூம் இரும்புக் கதவின் கைப்பிடி கொதித்திருக்கிறது. அதை இரண்டு கையாலும் பிடித்துத் திறந்திருக்கிறார்.

பழக்கூடை

முன்படியிலும் மேல் மாடிகளிலும் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கிவிட்டார்கள்; அந்தத் தீயில் உயிர்ச்சேதம் இல்லை. பலருக்கு ஆஸ்பத்திரி. எனக்கு இரண்டு வாரம் இருமல், அப்புறம் இந்தக் கம்மிய குரல். வள்ளி நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தாள்.

நாங்கள் வீடு திரும்பிய சில நாட்களில் கடையின் பொது மேலாளர் தேடி வந்தார். பெரிய பழக்கூடை. மாட வீதியில் காரை நிறுத்த இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்ததாகச் சொன்னார். நாகரிகமான மனிதர். என் உடம்பைக் கேட்டார். பத்மாவின் காலைக் கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"விசாரணைக்கு உங்களைக் கூப்பிடுவாங்க சார். பின்கதவு பக்கம் வழி ஃப்ரீயா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாரும் அந்த வழியாத்தானே வந்தீங்க? பொய்கூட இல்ல."

"பெட்டிகள் இருந்துது" என்றேன். குரல் காற்றாக வந்தது.

"இருந்துச்சு சார். அடுக்கினது யாரு? சுடலை. அந்த ஃப்ளோர் சரக்குக்கு அவன்தான் பொறுப்பு. பெட்டி இருந்துச்சுன்னு நீங்க சொன்னா முதல்ல மாட்டப்போறது அவன். உயிரப் பணயம் வச்சு உங்களையெல்லாம் காப்பாத்தினவன். அவன யோசிங்க."

அவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார். பத்மா உள்ளேயிருந்து கையை ஊன்றி எழுந்துவந்து, கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இவருக்குச் சர்க்கரை. வீட்ல வேற ஆளும் இல்ல. வீணாப் போயிடும், எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

எனக்குச் சர்க்கரை கிடையாது.

அன்றைக்கும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வங்கியில் இருந்தபோது எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்வதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. ஏனென்றால் அங்கே என் முடியாது கேட்டவனைத்தான் தாக்கும். இங்கே நான் உண்மையைச் சொன்னால் அது நேராகப் போய் அந்தக் கட்டுப் போட்ட கைகளில் விழும். சொல்லாவிட்டால், அந்தப் பெட்டிகள் அடுத்த தீபாவளிக்கும் அங்கேதான் ஏறும்.

மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தீக்காயப் பிரிவில் சுடலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை வெள்ளைக் கட்டு. நான் சுற்றி வளைக்கவில்லை. மேலாளர் வந்ததைச் சொன்னேன். நான் விசாரணையில் என்ன சொல்லப்போகிறேன் என்பதையும் சொன்னேன்.

"வேலை போகும் உனக்கு. கேஸ்கூட வரலாம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரக்கு வந்தப்ப வைக்க இடம் இல்ல சார். கதவு மறையுமேன்னு மேனேஜர்ட்ட கேட்டேன். அங்கயே அடுக்குன்னாரு. அடுக்கிட்டேன்" என்றார். பிறகு, "கண்ண மூடுனா அந்தப் பெட்டிதான் வருது. வள்ளி முகம்கூட வரல, பெட்டிதான்."

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொல்லுங்க சார். நானும் சொல்லிருதேன். அடுக்கினது நான், அடுக்கச் சொன்னது அவரு. ரெண்டையும் சொல்லிருதேன்."

விசாரணை

அதிகாரி பொறுமையானவர். என் குரல் எட்டாததால் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பார்த்ததையெல்லாம் சொன்னேன். பெட்டிகள், பூட்டு, படியில் கிடந்த பொம்மைகள், சங்கிலி போட்ட கிரில். அந்த கிரில்லைப் போட்டது எங்கள் வங்கி என்பதையும் சொன்னேன்.

"பெட்டிகளை அடுக்கியது யார் என்று தெரியுமா?" என்று கேட்டார்.

"அதை அவரே உங்களிடம் சொல்வார். இறக்கியது யார் என்பதை நான் பார்த்தேன். திரும்பப் போனது யார் என்பதையும் பார்த்தேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

எழுதிக்கொண்டார். ஜமீலா அம்மாவும் வந்து அதையே சொன்னதாக அறிந்தேன். கடையை மூடி வைத்திருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. சுடலை பெயர் அதில் சாட்சியாகத்தான் இருக்கிறது. கடை அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. செல்விக்குப் பாண்டி பஜாரில் வேறு கடை கிடைத்துவிட்டது. இரண்டு கையிலும் கட்டோடு இருப்பவருக்கு யார் வேலை தருவார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தோம். இடது கையில் கட்டுச் சின்னதாகியிருந்தது. வலது கையில் இன்னும் பெரிய உருண்டை. தட்டைப் பார்த்துக்கொண்டு சங்கடமாக உட்கார்ந்திருந்தார். பத்மா எதுவும் சொல்லாமல் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, ஸ்பூனால் ரசஞ்சாதத்தை ஊட்ட ஆரம்பித்தாள். முதல் வாய்க்கு மறுத்தார். இரண்டாவதற்கு மறுக்கவில்லை.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. "அம்மா சார். எடுக்கலன்னா பயந்துரும்" என்றார். நான் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தேன்.

"என்னல, எங்க இருக்க?"

"சாப்பிட்டுட்டு இருக்கேம்மா. தெரிஞ்சவங்க வீட்ல."

"மெட்ராஸ்ல நமக்கு யாருல தெரிஞ்சவங்க?"

சுடலை என்னைப் பார்த்தார். தீயைப் பற்றி ஊரில் இன்னும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பத்மா போனுக்கு அருகில் குனிந்தாள்.

"நான் பத்மா பேசறேம்மா. மயிலாப்பூர். உங்க பையன் எங்க வீட்லதான் இருக்காரு. சாப்பிட்டு முடிச்சிட்டுப் பேசுவாரு."

"அப்படியா தாயி, சந்தோசம்" என்றது அந்தக் குரல். "கையக் கழுவிட்டுத் திங்கச் சொல்லுங்க. சின்னதுல இருந்தே அவசரக்காரன். கையே கழுவ மாட்டான்."

சுடலை தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்றேம்மா" என்றாள் பத்மா. ஸ்பூனில் அடுத்த வாயை எடுத்தாள்.